இன்னும் மின்சாரம் வராத கம்பி

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் என் கடவுச்சீட்டைப் புரட்டிய இளைஞர், "எதுக்கு வந்தனீங்கள், அம்மா?" என்று கேட்டார். சுற்றுலா என்றேன். எங்கே போகிறேன் என்று கேட்டதற்குத் திருகோணமலை என்றேன். "கோணேசரைக் கும்பிடுங்கோ. கடலில மட்டும் இறங்காதேங்கோ, இப்ப அலை கூட" என்று சொல்லிவிட்டு முத்திரை குத்தினார். அந்த அக்கறைக்கு ஒரு சிரிப்பைக்கூட என்னால் திருப்பித் தர முடியவில்லை.

நான் சுற்றிப் பார்க்க வரவில்லை. என் மகனைக் கூட்டிப்போக வந்திருந்தேன்.

நவீன் எங்களுக்கு ஒரே பிள்ளை. மின் கோபுரங்களுக்குக் கம்பி இழுக்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் பொறியாளர். இந்தியாவிலிருந்து கடலைக் கடந்து இலங்கைக்கு மின்சாரம் கொண்டுவருவது பற்றி இரண்டு நாடுகளும் வெகுகாலமாகப் பேசிக்கொண்டிருக்கின்றன. அது வந்தால் திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிப் பெரிய ஆலைகள் எழும் என்று எதிர்பார்க்கிறார்கள். அந்த எதிர்பார்ப்பில் உள்ளூரில் முன்கூட்டியே ஒரு தடம் போடும் வேலைக்குத்தான் அவன் போயிருந்தான். அங்கே ஒரு கோபுரத்தின் மேல் நஸீர் என்ற தொழிலாளி மின்சாரம் தாக்கி இறந்துபோனார். அதன் பிறகு நவீன் தொலைபேசியில் "ம்" என்பதற்கு மேல் பேசவில்லை. பிறகு எடுக்கவே இல்லை. என் கணவருக்குப் போன வருடம்தான் இதயத்தில் அறுவை நடந்தது. "நீ போய்க் கூட்டிட்டு வந்திரு" என்று மட்டும் சொன்னார்.

திருகோணமலை பஸ் வவுனியா தாண்டி, ஹொரவப்பொத்தானைக்குச் சற்று முன்னால் டயர் வெடித்து நின்றது. எல்லோரும் இறங்கினோம். எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் நடத்துநரைச் சூழ்ந்துகொண்டு சத்தம் போட்டிருப்பார்கள். இங்கே எல்லோரும் சொல்லிவைத்ததுபோல் எதிரே இருந்த தேநீர்க் கடைக்குள் போய் உட்கார்ந்தார்கள். என் பக்கத்து இருக்கையில் வந்த நிலாவெளிப் பெண்மணி எனக்கும் சேர்த்து இஞ்சி போட்ட பிளேன்டீ சொன்னார். பால் இல்லாத தேநீர். சீனியைத் தனியாக உள்ளங்கையில் கொட்டித் தந்தார்கள். அதை நக்கிக்கொண்டே குடிக்க வேண்டுமாம். எனக்குப் பழகவில்லை. சீனி கையில் கரைந்து ஒட்டியது.

"கோணேசருக்கோ போறீங்கள்?"

"ஆமா."

"தனியவோ? துணிஞ்ச ஆள்தான் நீங்கள். என்ர மனுசன் என்னைக் கந்தளாய்க்குக்கூடத் தனிய விடமாட்டார்" என்று சிரித்து, கைப்பையிலிருந்து ஒரு பிடி கச்சான் எடுத்துத் தந்தார். நிலக்கடலையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

அடுத்த மேசையில் இரண்டு பேர் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். கையை உயரத் தூக்கி, பிறகு கீழே தொங்கவிட்டுக் காட்டினார் ஒருவர். நான் பக்கத்துப் பெண்மணியிடம் திரும்பி, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"அது, மூதூர்ப் பக்கம் லைன் இழுக்கிற வேலையில ஒரு ஆள் செத்துப்போனவராம். கம்பியிலயே தொங்கினவராம். வேலை தெரியாத ஆக்களை ஏத்தினால் இப்பிடித்தான் என்டு கதைக்கினம்." பெண்மணி உச்சுக்கொட்டினார். "பாவம், ஆருடைய பிள்ளையோ."

நான் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருகோணமலையில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புள்ளிமான்கள் நின்றன. காட்டில் அல்ல, ஊருக்குள். குப்பையில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பையை மான் ஒன்று நிதானமாக மென்றுகொண்டிருந்தது. எங்களூர் மாடுகள் நிற்கும் அதே தோரணை. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நவீன் அழைத்துப்போக வரவில்லை. நான் முன்பே சொல்லிவைத்திருந்ததால் அவனுடைய நிறுவனத்து வாகனம் வந்தது. உட்துறைமுகத்தைப் பார்த்த ஒரு விடுதியில் அவனுக்கு அறை. கதவைத் திறந்தவன், "நீ எதுக்கும்மா வந்த?" என்றான். தாடி வளர்ந்திருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. மேசையில் பிரிக்காத சோற்றுப் பொட்டலங்கள் இரண்டு இருந்தன. ஒன்று வாடை அடித்தது.

அவனைத் திட்டவில்லை. பொட்டலங்களை வெளியே போட்டுவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த மக்ரூனை எடுத்து வைத்தேன். சின்ன வயதில் டப்பாவோடு தூக்கிக்கொண்டு ஓடுவான். ஒன்றை எடுத்தான், கையிலேயே வைத்திருந்தான், பிறகு திரும்ப வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தைப் பார்த்தேன். எங்கள் தூத்துக்குடியில் கடல் தட்டையாகக் கிடக்கும். கப்பலுக்கு ஆழம் வேண்டுமென்றால் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே சுற்றிலும் காடு மூடிய குன்றுகள், நடுவில் ஏரிபோல அசையாத தண்ணீர். ஒரு சரக்குக் கப்பல் கரைக்கு இவ்வளவு அருகில் எப்படி நிற்கிறது என்று வியக்கும்படி நின்றது. இத்தனை ஆழமான துறைமுகத்தைச் சுற்றி ஆலைகள் ஏன் இவ்வளவு குறைவு என்று நவீனிடம் கேட்டேன். அவனைப் பேசவைக்கத்தான் கேட்டேன்.

"கரண்ட் பத்தாதும்மா. உலை, அரவை மில்லு எல்லாம் ராத்திரி பகலா இழுக்கும். அதுக்குத்தான் இந்த லைன்."

பிறகு நடந்ததை அவனாகவே சொன்னான்.

புதிய கோபுரங்கள் வருகிற வழியில் சில மைல் தூரம் ஏற்கெனவே ஓடுகிற பழைய உயர் அழுத்தக் கம்பிகள் பக்கத்திலேயே போகின்றன. பழையதில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. புதியது இரண்டு முனையும் எதனோடும் சேராமல் சும்மா தொங்குகிறது. சும்மா தொங்குகிற கம்பியிலும், பக்கத்துக் கம்பியின் பாதிப்பால் மின் அழுத்தம் ஏறும். அதனால் ஆள் ஏறுமுன் அவருக்கு இரண்டு பக்கமும் கம்பியைத் தரையோடு இணைக்க வேண்டும். ஏர்த் போடுவது என்பார்கள். அதற்கான கொக்கிகள் குறைவாக இருந்ததால், அன்று ஒரு பக்கத்துக் கொக்கியைக் கழற்றி அடுத்த கோபுரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்னொரு பக்கத்துக் கொக்கி சரியாகப் பிடிக்கவில்லை. நஸீர் ஏறிக் கம்பியைத் தொட்டார்.

நான் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ஒரு சுருளில் மின்சாரம் மாறும்போது, அதைத் தொடாமல் பக்கத்தில் இருக்கும் சுருளோடு இணைத்த கருவியின் முள்ளும் அசையும். ஒவ்வொரு வருடமும் அதைச் செய்து காட்டுவேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள். நவீனுக்கும் வீட்டில் நான்தான் அதை முதலில் காட்டினேன். அவன் சொல்லி முடித்தபோது எனக்கு அந்தக் கைதட்டல்தான் கேட்டது.

"நீதான் கழட்டச் சொன்னியா?"

"எல்லாரும் சேர்ந்துதான் கழட்டினோம்" என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்னும் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. கேட்கப் பயமாக இருந்தது.

மத்தியானம் அவனுடைய மேலாளர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். எனக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னார். "பையனை ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருங்கம்மா. ஒரு ரெண்டு மாசம் நல்லாச் சாப்பிட்டுத் தூங்கட்டும். விசாரணைக்கு நாங்க பதில் சொல்லிக்கறோம். நஸீர் தங்கமான ஆளுங்க. ஆனா அன்னைக்குக் கவனக்குறைவா ஏறிட்டாரு. யாரு என்னங்க பண்ண முடியும்?"

கவனக்குறைவு. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு மூச்சு இலகுவாக வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அந்தச் சொல் என் மகனைப் பாதுகாக்கிறது என்று தோன்றியது. உடனே பெட்டியைக் கட்டலாம் என்றேன்.

"அந்த வீட்டுக்குப் போகாம நான் வரமாட்டேன்" என்றான் நவீன், அவர் போன பிறகு.

நஸீரின் வீடு தோப்பூரில். நவீன் ஏற்கெனவே இரண்டு முறை போயிருக்கிறான். ஆண்கள் முன்வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். நாற்காலி போடுவார்கள், டீ கொடுப்பார்கள், அல்லாஹ் நாடியது என்பார்கள். அவன் பேச வேண்டியது நஸீரின் மனைவி சிபானாவிடம். ஆனால் அவள் இத்தாவில் இருக்கிறாள். கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பாள். அந்நிய ஆண்கள் அவளைப் பார்க்க முடியாது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் இன்னொரு பெண் வழியாகத்தான் சொல்ல முடியும்.

"நீ உள்ள போகலாம்மா."

"போறேன். துக்கம் கேக்க வேண்டியது முறைதானே. கேட்டுட்டு வந்ததும் கிளம்பிரணும், சரியா?"

அவன் எழுந்து ஜன்னலைச் சாத்தினான். அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை ஒரு ஆட்டோ பிடித்தோம். ஓட்டியவர் கிண்ணியாக்காரர், பெயர் மன்சூர். வாய் ஓயாத மனிதர். கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது வண்டி இருமி நின்றது. "ஒண்டும் பயப்படாதீங்க அம்மா, இது பாலத்தக் கண்டா வெக்கப்படுற வண்டி" என்று இறங்கி எதையோ தட்டினார். மறுபடி கிளம்பிய கொஞ்ச தூரத்தில் எருமைக் கூட்டம் சாலையை மறித்தது. அவர் ஹாரன் அடிக்கவில்லை. "இதுகள்ட பால்லதான் எங்கட ஊருத் தயிர். மரியாதையாத்தான் நிக்கணும்" என்றார். வழியில் மண்சட்டித் தயிர் வாங்கி, கித்துள் பாணி என்ற பாகை ஊற்றித் தரச் சொன்னார். கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டி. எங்கள் ஊர்த் தயிர் இதற்கு முன்னால் மோர்தான். நான் இரண்டு வாய் சாப்பிட்டேன். நவீன் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வயலைப் பார்த்தபடி இருந்தான்.

மூதூர் தாண்டியதும் கோபுரங்கள் தெரிந்தன. பச்சை வயலுக்கு நடுவே வரிசையாக, பளபளப்பாக, புதிதாக. பழைய கோபுரங்கள் சற்றுத் தள்ளி, நிறம் மங்கி, கூடவே வந்தன.

மன்சூர் கையை நீட்டிக் காட்டினார். "தெரியுதா அம்மா, உங்கட நாட்டுக் கரண்ட் வாற பாதை! வருது வருது என்டு சொல்லியே என்ட தாடி நரைச்சுப்போச்சு. இந்தக் கம்பியில நாங்க உடுப்புக் காயப்போட்டாலும் ஒண்டும் நடக்காது." தன் பேச்சுக்குத் தானே சிரித்தார்.

நவீன், "நிப்பாட்டுங்க" என்றான். இறங்கி வரப்பில் கொஞ்ச தூரம் நடந்து குந்திவிட்டான். வாந்தி என்று நினைத்து ஓடினேன். வாந்தி இல்லை.

"இதையேதாம்மா நானும் சொன்னேன்" என்றான்.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நஸீர் ஏறுவதற்கு முன் நின்றிருக்கிறார். "சேர், அந்தப் பக்கத்து ஏர்த்தையும் போட்டுட்டு ஏறுவமா?" என்று கேட்டிருக்கிறார். கொக்கி அடுத்த கோபுரத்தில் இருந்தது. போய் எடுத்து வர நேரமாகும். நவீன் சொல்லியிருக்கிறான்: "நஸீர் அண்ணே, இந்தியாவுல இன்னும் சுவிட்சே போடல. உங்களுக்கு மட்டும் எங்கருந்துண்ணே கரண்ட் வரும்?" கீழே நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அந்த வேலைத்தளத்தில் எல்லோரும் எப்போதும் அடிக்கிற கேலிதான் அது; பகிடி என்பார்கள். நஸீரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஏறினார்.

"எனக்குத் தெரியாதாம்மா இண்டக்ஷன்னா என்னன்னு? நீதானே சொல்லிக் குடுத்த. தெரிஞ்சுதான் சொன்னேன். வாய் அப்படி வந்துருச்சு."

வயலில் யாரோ தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார்கள். நான் அவன் தலையில் கை வைத்தேன். முடி பிசுபிசுத்தது.

"இதை யார்கிட்டச் சொல்லியிருக்க?"

"யாருகிட்டயும் இல்ல. நின்னவங்க யாரும் சொல்லல. என்னையும் யாரும் கேக்கல."

"சரி. இனிமேலும் சொல்ல வேண்டாம். நான் உள்ள போய், என் மகன் ரொம்ப வருத்தப்படுதான்னு சொல்லுதேன். அது போதும்."

"போதாதும்மா. அதைச் சொல்லத்தான் உன்னை உள்ள போகச் சொல்லுதேன்."

"சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? வெளியூரு. போலீசு, கேசு. அப்பாவுக்குத் தெரிஞ்சா அவரு தாங்குவாரா?"

அவன் எழுந்து ஆட்டோவை நோக்கி நடந்தான். மன்சூர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

நஸீரின் வீடு, முன்னால் தகரத் தாழ்வாரம் இறக்கிய கல் வீடு. நஸீரின் தந்தை வெளியே வந்து வரவேற்றார். மெலிந்த, உயரமான விவசாயி. காலில் சேறு காயாமல் இருந்தது. "வாங்க அம்மா. அவ்வளவு தூரத்தில இருந்து வந்தீங்களே" என்றார். நவீனைப் பார்த்து, "தம்பி இளைச்சுப் போயிட்டார்" என்றார். அந்த அன்பு என்னைக் கூசவைத்தது. நவீன் அவருக்குப் பக்கத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். ஒரு பெண் வந்து என்னை மட்டும் உள்ளே கூட்டிப்போனாள்.

உள்ளறை வாசலில் கனத்த பூப்போட்ட திரை. ஜன்னலையும் துணியால் மூடியிருந்தார்கள். பாயில் வெள்ளை உடுத்திய பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. என் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து எதையும் கேட்காத பிள்ளைகளைப் போல ஒரு முகம்.

"இரிங்க அம்மா. சாப்பிட்டீங்களா?" என்றாள்.

சாப்பிட்டேன் என்றேன். பிறகு என் வார்த்தைகளைத் தொடங்கினேன். வழியெல்லாம் கோத்து வைத்திருந்தேன். என் மகன் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, உங்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னான் என்றேன்.

"அவர் என்ன செஞ்சார் அம்மா? இவர்தானே பாராம ஏறினது" என்றாள்.

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் தலை குனிந்தபடி, பாயின் ஓரத்து நார் ஒன்றைப் பிரித்துக்கொண்டே பேசினாள்.

"எனக்கு ஒரு விசயம்தான் விளங்குதில்ல. வீட்டில அயன் பொக்ஸ்ட வயர் துளி உரிஞ்சிருந்தாலும் தொட விடமாட்டார். மழை வந்தா ஓடி வந்து மெயினைப் பூட்டுவார். கலியாணம் முடிச்ச புதுசுல நான் ஈரக் கையால சுவிட்ச் போட்டேன் என்டு ஒரு நாள் முழுக்கக் கதைக்கல்ல. அப்படியாப்பட்ட மனிசன். ஊரில எல்லாரும் சொல்றாங்க, கவனமில்லாம ஏறினான் என்டு. கொம்பனிக்காரரும் சொல்றாங்க. என்ட சொந்தத் தம்பியும் சொல்றான். எனக்குக் கோபம் வருது அம்மா. மௌத்தான மனிசன் மேல கோபம் வருது. எங்களை நினைக்கல்லையா, ஏன் அப்படி ஏறினீங்க என்டு. தொழுதுட்டு இருக்கக்குள்ளயும் அதுதான் வருது. துஆ கேக்கவும் ஏலுதில்ல."

திரைக்கு அப்பால் யாரோ இருமினார்கள். ஒரு கோப்பை தட்டில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

நான் ஒரு தாய். என் பிள்ளையை மூடி வைக்கத்தான் இத்தனை தூரம் வந்தேன். மூடி வைக்கிற துணியை இந்தப் பெண்ணின் மேலிருந்து உருவியிருக்கிறோம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அவர் கேட்டாரும்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள்.

"ஏறுறதுக்கு முன்னாடி நின்னு, அந்தப் பக்கமும் ஏர்த் போட்டுட்டு ஏறுவமான்னு கேட்டார். என் மகன்தான் வேண்டாம்னு..." முழுவதையும் சொன்னேன். அந்தப் பகிடியையும் சொன்னேன். என் வாயால் அதைச் சொல்லும்போது அது எவ்வளவு சின்னதாக இருந்தது.

"கேட்டாரா?"

"கேட்டிருக்கார்."

"அவராக் கேட்டாரா? நின்டு கேட்டாரா?"

"ஆமாம்மா."

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். உடம்பு முழுவதும் குலுங்கியது. என்னைக் கூட்டிவந்த பெண், அவளுடைய நாத்தனார், ஓடிவந்து தோளைப் பிடித்தாள். சிபானா அவளைத் தள்ளிவிட்டாள். பிறகு திரையைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்.

"தம்பி, இரிக்கீங்களா அங்க?"

"இருக்கேன்" என்றான் நவீன். அவன் குரல் திரைக்கு மிக அருகில் வந்திருந்தது.

"உங்கட உம்மா சொன்னது உண்மையா?"

"உண்மைக்கா."

"உங்கட வாயால சொல்லுங்க. மாமாவும் கேக்கட்டும்."

அவன் சொன்னான். திரை காற்றில் ஆடியது; விலகிவிடக் கூடாதே என்று நான் எழுந்து போய் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கையில் அந்தத் துணி. அந்தப் பக்கம் என் மகன் அழுகிறான், இந்தப் பக்கம் அவள். நான் இரண்டு பேரில் யாரையும் தொட முடியாமல் நின்றேன்.

அவன் முடித்ததும் நஸீரின் தந்தை பேசினார். கோபப்படவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நாங்க உங்களுக்கு ரெண்டு தரம் டீ தந்தம், தம்பி" என்றார். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. எழுந்து வெளியே போய்விட்டார்.

சிபானா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திரையைப் பார்த்தே பேசினாள். "பொருந்திக்கிட்டன், மன்னிச்சிட்டன் என்டு எனக்கு இப்பச் சொல்ல ஏலாது. பொய்யாச் சொன்னா உங்களுக்கும் உதவாது, எனக்கும் உதவாது. விசாரணை வைக்கிறாங்களாமே. அங்க இதச் சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

"கவனமில்லாம ஏறினார் என்டு எவனும் எழுதக்கூடாது. என்ட மகளுக்கு இப்ப மூணு வயசு. நாளைக்கு வளந்து கேப்பாள்."

"சொல்லுவேன்கா."

"உம்மாவோட ஊருக்குப் போறீங்க என்டாங்க?"

நான் திரையைப் பிடித்தபடியே நின்றேன். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இருந்தாலும் போகிறேன் என்று சொல்லிவிட மாட்டானா என்று கடைசி வரை காத்திருந்தேன்.

"போகல" என்றான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். எனக்கு அவள் மேல் வந்த கோபத்தை நான் எழுதியாக வேண்டும். அடுத்த கணமே அவள் எழுந்து வந்து என் கையை, திரையைப் பிடித்திருந்த கையை, மெல்ல எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே இருந்தோம்.

திரும்பும்போது மன்சூர் பேசவே இல்லை. வாசலில் நின்றவர்கள் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். கிண்ணியாப் பாலம் தாண்டிய பிறகு, முன்னால் பார்த்தபடி, "அந்தப் பகிடிய நானும் இண்டைக்குக் காலையில அடிச்சன்" என்றார். இறங்கும்போது பேசிய கூலியை வாங்கிக்கொண்டு நவீனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் மேலாளர் வந்து நீண்ட நேரம் பேசினார். வேலை போகும் என்றார், வழக்கு வரும் என்றார், படித்தவர் நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா என்றார். முந்தைய நாள் எனக்கு ஆறுதலாக இருந்த அதே மரியாதையான குரல்தான். நான் அவருக்குத் தேநீர் கொடுத்தேன். என் மகன் சொல்வதைச் சொல்லட்டும் என்றேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார்.

கணவரிடம் பேசினேன். "வர்றானா?" என்றார் முதல் வார்த்தையாக. நடந்ததைச் சொன்னேன். "சாப்பிடுதானா?" என்று கேட்டார். அன்று இரவு அவன் கடையிலிருந்து வந்த இடியப்பத்தில் இரண்டைச் சொதியில் நனைத்துச் சாப்பிட்டிருந்தான். அதைச் சொன்னேன்.

எனக்குப் பள்ளியில் அதற்கு மேல் விடுப்பு இல்லை. கணவரையும் தனியாக விட முடியாது. கிளம்பும் காலையில் நவீன் பஸ் நிலையத்துக்கு வந்தான். முகம் மழித்திருந்தான். அதனால் இன்னும் சின்னவனாகத் தெரிந்தான். பன் இரண்டும் தண்ணீர்ப் போத்தலும் வாங்கி ஜன்னல் வழியாகத் தந்தான். விசாரணைக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று இன்னும் தெரியவில்லை என்றான். கூப்பிட்டதும் போன் செய் என்றேன். செய்கிறேன் என்றான். வந்துவிடு என்ற வார்த்தை என் பல்லுக்குப் பின்னால் நின்றது. ஜன்னல் கம்பியில் இருந்த அவன் விரல்களின் மேல் என் கையை வைத்துக்கொண்டேன்.

பஸ் உறுமியது. நடத்துநர் டிக்கெட்டுக் கட்டோடு வந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்றவனைப் பார்த்துவிட்டு, "அம்மா, மகனும் வாறாரோ? வாறதெண்டால் கெதியா ஏறச் சொல்லுங்கோ, எடுக்கப்போறம்" என்றார்.

"இல்ல" என்றேன். "எனக்கு மட்டும் குடுங்க."